தலையணைக்கடியில் 200 ரூபாய்

வாசகர் கேள்வி:

டாக்டர், சிவகங்கை மாவட்டத்தில் திருப்பத்தூர் பக்கம் எங்கள் ஊர். நான் பெங்களூரில் வேலை பார்க்கிறேன். என்னை வளர்த்தது அப்பத்தாதான். வயது 79. மூன்று மாதத்துக்கு முன்பு கணையத்தில் புற்றுநோய் என்று தெரிந்தது. அதற்குள் ஈரலுக்கும் பரவிவிட்டது. கீமோ கொடுத்தால் உடம்பு தாங்காது, வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். அப்பத்தாவிடம் 'குடல் புண்' என்றுதான் அப்பா சொல்லி வைத்திருக்கிறார். மாதத்தில் இரண்டு சனி, ஞாயிறு ஊருக்குப் போகிறேன். பக்கத்தில் உட்கார்ந்தால் என்ன பேசுவதென்று தெரியாமல் போனைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

ஏதாவது நல்லதாக வாங்கிக் கொடுக்க வேண்டும் என்று மனசு அடித்துக்கொள்கிறது. இரண்டு பவுனில் வளையல், வீடியோ கால் பேச ஒரு டேப்லெட், காரில் ராமேஸ்வரம், ஆவணியில் மண்டபம் பிடித்து 80ஆவது பிறந்தநாள் என்று நாலு யோசனை இருக்கிறது. கேட்டால் 'ஒண்ணும் வேணாம்டி' என்கிறார். போன தடவை நான் கிளம்பும்போது தலையணைக்கடியிலிருந்து 200 ரூபாயை எடுத்து நீட்டினார். 'எனக்கெதுக்கு, ஒன் மருந்துக்கு வச்சுக்க அப்பத்தா' என்று திருப்பிக் கொடுத்துவிட்டேன். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அண்ணன் மகனுக்கு ஏழு வயது. அவனைப் பக்கத்தில் விடலாமா கூடாதா என்றும் வீட்டில் வாக்குவாதம். என்ன கொடுக்கலாம், எப்படி அவரோடு இருக்கலாம், சொல்லுங்கள். பெயர் போட வேண்டாம்.

டாக்டர் பதில்:

அந்த 200 ரூபாயை நீங்கள் வாங்கியிருக்க வேண்டும்.

கடிந்துகொள்ளவில்லை அம்மா. இந்த வேலைக்கு வருவதற்கு முன்னால் நானாக இருந்தாலும் அதையேதான் செய்திருப்பேன். மதுரையைச் சுற்றி வீடு வீடாகப் போய், குணமாக்க முடியாத நோய் வந்தவர்களைப் பார்ப்பது என் வேலை. பாலியேட்டிவ் கேர் என்போம். அப்படிப் போகும் வீடுகளில் திரும்பத் திரும்பப் பார்ப்பது இதுதான். நேற்றுவரை வீட்டுக்கு யார் வந்தாலும் சோறு போட்டு, கிளம்பும்போது பையில் முறுக்கோ மிளகாய்ப்பொடியோ திணித்து அனுப்பிய மனுஷி, படுத்த அன்றிலிருந்து வாங்குகிற ஆளாகிவிடுகிறார். மருந்து, கஞ்சி, ஹார்லிக்ஸ், அனுதாபம் என்று எல்லாமே அவரை நோக்கி வருகிறது. அவரிடமிருந்து எதுவும் போவதில்லை. 'ஒண்ணும் வேணாம்டி' என்பதில் அடக்கம் கொஞ்சம், அலுப்பு நிறைய. நீங்கள் வாங்கிக் கொடுக்கப் போகும் எதையும்விட, அவர் கொடுத்து நீங்கள் வாங்கிக்கொள்வது அவருக்குப் பெரிது. இனி நான் சொல்லப்போவது எல்லாமே அதைச் சுற்றித்தான்.

முதலில் வலியைப் பற்றிப் பேசிவிடுவோம். அப்பத்தா ராத்திரி தூங்குகிறாரா? கணையப் புற்றுநோயின் வலி மேல்வயிற்றில் பிடித்து முதுகு வரைக்கும் துளைத்துக்கொண்டு போகும். மல்லாந்து படுத்தால் கூடும், முன்னால் குனிந்து உட்கார்ந்தால் சற்றுத் தணியும். அன்றைக்குச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தது கோபத்தாலா வலியாலா என்று எனக்கு இங்கிருந்து தெரியாது. இரண்டும் இருந்திருக்கலாம். வலி அடங்காத உடம்புக்கு எந்தப் பரிசும் ஏறாது.

இப்படிப்பட்ட கடும் வலிக்குக் கொடுக்கும் மருந்து மார்ஃபின். மார்ஃபின் மாத்திரை என்றதும் உங்கள் வீட்டில் பயப்படுவார்கள். எல்லார் வீட்டிலும் பயப்படுகிறார்கள். வலிக்கு ஏற்ற அளவில், மருத்துவர் கண்காணிப்பில் கொடுக்கும்போது அது போதைப் பழக்கமாவது மிக அரிது. 4 மணி நேரத்துக்கு ஒரு முறை என்று எழுதியிருந்தால் கடிகாரத்தைப் பார்த்துக் கொடுக்க வேண்டும், 'வலி வரட்டும், அப்புறம் பார்க்கலாம்' என்று இருக்கக் கூடாது. மலச்சிக்கல் வரும். அதற்கென்று கூடவே ஒரு மருந்து எழுதுவார்கள். அதை விட்டுவிட்டு அடுத்த வாரம் அவதிப்படுபவர்கள் நிறைய. 2014ல் போதைப்பொருள் சட்டத்தைத் திருத்தினார்கள். அங்கீகாரம் பெற்ற மருத்துவமனைகளில் மார்ஃபின் கிடைப்பது அதற்கு முன்பைவிட எளிது. மாத்திரைக்கு அடங்காத கணைய வலிக்கு, வயிற்றின் பின்பக்கமுள்ள நரம்புப் பின்னலில் போடும் ஊசி ஒன்றும் உண்டு. கேட்டுப் பாருங்கள்.

இதற்கெல்லாம் மதுரைக்கும் சென்னைக்கும் அலைய வேண்டியதில்லை. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், வீட்டுக்கே வந்து பார்க்கும் பாலியேட்டிவ் செவிலியரும் உண்டு. உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் அப்பத்தா பெயரைப் பதியச் சொல்லுங்கள். எங்கே கேட்பது என்று தெரியாவிட்டால் 104ஐ அழையுங்கள். பரிசு என்று கேட்டீர்களே, முதல் பரிசாக இதைச் செய்யுங்கள். பெங்களூரிலிருந்தே செய்யலாம்.

அடுத்தது நேரம். காலண்டரில் போட்டிருக்கும் நல்ல நேரத்தைச் சொல்லவில்லை, அப்பத்தா உடம்பின் நல்ல நேரம். இந்த நோயில் களைப்பு என்பது தூங்கி எழுந்தால் போகிற களைப்பு இல்லை. ஒரு நாளில் ஒரு மணி நேரம், மிஞ்சினால் ஒன்றரை மணி நேரம்தான் முகம் தெளிந்திருக்கும். பல பேருக்கு அது காலையில், மருந்து போட்டு, முகம் கழுவி, தலை வாரி முடித்த பிறகு வரும். உங்கள் அம்மாவிடம் ஒரு வாரம் கவனித்துச் சொல்லச் சொல்லுங்கள். செய்ய நினைப்பதையெல்லாம் அந்த நேரத்துக்குள் வையுங்கள். மற்ற நேரத்தில் சும்மா பக்கத்தில் இருந்தால் போதும்.

இனி என்ன செய்வது என்பதற்கு நான் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன்.

மேலூர்ப் பக்கம் ஒரு வீடு. பங்குனி மாதம். படுக்கையில் இருந்த அம்மாச்சிக்குக் குடலில் புற்றுநோய். கல்லூரியில் படிக்கும் பேத்தி இரண்டு கிலோ மாவடு வாங்கி வந்து, கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் செய்தித்தாளை விரித்துக் கொட்டி, 'எப்படிப் போடுறதுன்னு சொல்லு' என்று உட்கார்ந்திருந்தாள். நான் புண்ணுக்குக் கட்டு மாற்றப் போயிருந்தேன். 'காம்பக் கிள்ளாத, கொஞ்சம் விடு' என்று ஆரம்பித்தார் அம்மாச்சி. விளக்கெண்ணெய் புரட்டச் சொன்னார். உப்பு எவ்வளவு என்றதற்கு 'ஒரு கை' என்றார். அந்தப் பெண் கெட்டிக்காரி. சமையலறையிலிருந்து சின்ன எலெக்ட்ரானிக் தராசைக் கொண்டுவந்து, கல்உப்பு டப்பாவை அம்மாச்சி மடிக்குப் பக்கத்தில் வைத்து, 'நீயே அள்ளிப் போடு' என்றாள். அம்மாச்சி அள்ளிப் போட்டார். 41 கிராம். நோட்டில் எழுதப் போனவளைத் தடுத்து, தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். 'இது இப்ப உள்ள கையிடி. அப்ப இருந்த கைக்கு இன்னுங் கொஞ்சம் போடு' என்றார். பேத்தி கொஞ்சம் கொஞ்சமாகப் போட, 56ல் தலையை ஆட்டினார்.

அந்த நோட்டில் 'ஒரு கை, 56 கிராம்' என்று இருக்கிறது. அன்றைக்கு அம்மாச்சி இருபது நிமிஷத்துக்கு மேல் பேசினார். பத்து நாளாக இவ்வளவு பேசவில்லை என்றார் மகள். இரண்டு நாள் முன்பு நாங்கள் மருந்தளவைக் கூட்டியிருந்தோம், அதற்கும் பங்கு உண்டு. ஆனால் மருந்து மட்டும் செய்த வேலை இல்லை அது. அந்த வீட்டில் அவருக்கு மட்டுமே தெரிந்த ஒன்றை ஒருத்தி வந்து கேட்டாள்.

உங்கள் அப்பத்தாவுக்கு மட்டும் தெரிந்தது எது? மாவடுவாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. எந்தக் கண்மாய் எப்போது உடைத்துக்கொண்டது, எந்த வயல் யாரிடமிருந்து வந்தது, எந்தச் சித்தப்பாவோடு ஏன் பேச்சுவார்த்தை இல்லை. அல்லது ஒரு கும்மிப் பாட்டு, நடவுப் பாட்டு. எதையாவது கற்றுக்கொள்ளப் போங்கள். உண்மையாகவே தெரியாததைக் கேளுங்கள். நடிப்பை அவர்கள் கண்டுபிடித்துவிடுவார்கள்.

ஒலிப்பதிவு செய்துகொள்ளுங்கள். அவரிடம் கேட்டுவிட்டு, மறைக்காமல். போனை ஏரோப்ளேன் மோடில் போட்டு, மடித்த துண்டின் மேல், வாய்க்கு அருகில் வையுங்கள். மின்விசிறி நேராக அடித்தால் பிறகு ஒன்றும் கேட்காது. டிவி பேட்டிபோல 'உங்கள் வாழ்க்கையில் மறக்க முடியாத சம்பவம் எது' என்று ஆரம்பித்தால் ஒரு வார்த்தை வராது. சின்னதாகக் கேளுங்கள். 'நீ பொறந்த வீட்டுல கிணறு எந்தப் பக்கம் இருந்துச்சு?' 'தாத்தாவ மொதல்ல எங்க பாத்த?' 'அப்பாவுக்கு அந்தப் பேரு வச்சது யாரு?' கிணற்றிலிருந்து கதை தானாக ஊறி வரும். 20 நிமிஷத்தில் நிறுத்திவிடுங்கள். அன்றைக்கே பதிவை இன்னொரு இடத்திலும் சேமித்துவிடுங்கள்.

இதை முறையாகவே செய்கிறார்கள். கனடாவின் வின்னிபெக் நகரில் ஹார்வி சோச்சினோவ் என்ற மனநல மருத்துவர், கடைசிக் காலத்தில் இருப்பவர்களிடம் வாழ்க்கையைப் பற்றிக் கேட்டுப் பதிந்து, எழுத்தாக்கி, திருத்தி, அவர்கள் கையிலேயே கொடுக்கும் ஒரு முறையை உருவாக்கினார். 2005ல் 100 நோயாளிகளிடம் செய்து பார்த்து வெளியிட்ட முடிவில், 76 சதவீதம் பேர் தங்கள் கண்ணியம் கூடியதாக உணர்ந்தார்கள். எனக்குப் பிடித்தது இன்னொரு எண். 81 சதவீதம் பேர், இது தங்கள் குடும்பத்துக்கு உதவியது அல்லது உதவும் என்றார்கள். பிறகு 2011ல் வெளியான பெரிய ஆய்வில், மனவேதனையை அளக்கும் அளவுகோல்களில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. ஆனாலும் செய்துகொண்டவர்கள் இது உதவியது என்றே சொன்னார்கள். ஆகவே வேதனை தீர்க்கும் மருந்து என்று நினைத்துச் செய்யாதீர்கள். தான் கொடுத்தது ஒன்று தனக்குப் பிறகும் வீட்டில் இருக்கும் என்கிற நிறைவு அவருக்குக் கிடைக்கட்டும்.

பேச முடியாத நாட்களுக்குப் பழைய போட்டோக்கள். பீரோவில் ஒரு பிளாஸ்டிக் கவரில் கட்டி வைத்திருப்பீர்களே, அதேதான். ஒவ்வொன்றாகக் காட்டி யார் யார் என்று கேட்டு, பின்பக்கம் பென்சிலால் பெயர் எழுதுங்கள். பேனா வேண்டாம், மை மறுபக்கம் இறங்கும். ஒரு தடவைக்கு ஐந்தாறு படம் போதும். அந்தப் படங்களில் நிற்கும் பாதிப் பேருக்குப் பெயர் சொல்லக்கூடிய ஒரே ஆள் இப்போது அப்பத்தாதான்.

பல்லாங்குழி இருந்தால் எடுங்கள். 14 குழி, குழிக்கு ஐந்தாக 70 புளியங்கொட்டை. மடியில் ஒரு தலையணை, அதன்மேல் பலகை. குழியில் நாலு சேர்ந்ததும் 'பசு' என்று அள்ளும்போது அந்த முகத்தைப் பாருங்கள். வேண்டுமென்று தோற்காதீர்கள். அவர் கள்ள ஆட்டம் ஆடினால் கண்டுபிடித்துச் சண்டை போடுங்கள். நோயாளியோடு யாருமே சண்டை போடுவதில்லை, அதுவே அவர்களுக்குச் சலிப்பு.

பேச்சும் இல்லை, விளையாட்டும் இல்லை என்கிற நாளில், போனுக்குப் பதில் எண்ணெய்க் கிண்ணத்தை எடுங்கள். உள்ளங்காலிலும் கையிலும் தேங்காய் எண்ணெயை லேசாகத் தடவுங்கள், அழுத்தித் தேய்க்க வேண்டாம். ஒரு எச்சரிக்கை. ஒரு கால் மட்டும் வீங்கி, சூடாக, தொட்டால் வலித்தால் கை வைக்காமல் உடனே மருத்துவரிடம் சொல்லுங்கள். கணையப் புற்றுநோயில் காலின் ரத்தக்குழாயில் ரத்தம் உறைவது சாதாரணமாக நடப்பது.

காசு கொடுத்து வாங்கக் கூடியவற்றில் எனக்குப் பிடித்தவை எல்லாம் அற்பமானவை. உடம்பு இளைத்திருப்பார், ஜாக்கெட் எல்லாம் தொளதொளவென்று தோளில் நழுவும். யாராவது பார்க்க வந்தால் அவருக்குக் கூச்சமாக இருக்கும். நாலு ஜாக்கெட்டைத் தையல்காரரிடம் கொடுத்துப் பிடித்து, முன்பக்கம் கொக்கி வைத்துத் தாருங்கள். ஈரலில் பரவியிருப்பதால் மஞ்சள் காமாலையும் அரிப்பும் வரலாம். துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆன பழைய பருத்திச் சேலைதான் அப்போது சுகம். புதுச் சேலை குத்தும். கூப்பிட ஒரு மணி வேண்டும். ஒரு வீட்டில் பூஜை மணியைக் கொடுத்தார்கள். 'ஒண்ணுக்குப் போகச் சாமி மணியை அடிக்கவா?' என்று அந்தப் பாட்டி தொடவே இல்லை. ரிமோட் காலிங் பெல் சில நூறு ரூபாய்தான். பட்டனைத் தலையணை உறையோடு தைத்துவிடுங்கள். படுக்கையிலேயே இருக்கிறார் என்றால் காற்று மெத்தை வேண்டும். புண் வந்த பிறகு வாங்குவதைவிட இப்போதே வாங்கிவிடுங்கள். கட்டிலைத் திருப்பிப் போடுவதற்குக் காசே வேண்டாம். வாசல், தெரு, மாட்டுத் தொழுவம், முருங்கை மரம், எதுவோ ஒன்று கண்ணில் படட்டும்.

சாப்பாட்டில் மல்லுக்கட்டாதீர்கள். பசி எடுக்காதது நோயின் வேலை. நாலு வாய் கூடத் திணித்தால் வாந்திதான் மிஞ்சும். பெரிய தட்டைப் பார்த்தாலே மிரளுவார். சின்னக் கிண்ணம், சின்ன ஸ்பூன். விழுங்கச் சிரமமில்லாதவரை நுங்கு, மோரை ஐஸ் ட்ரேயில் ஊற்றி உறைய வைத்த சின்னக் கட்டி, ஒரு மடக்கு நன்னாரி. உதட்டில் நெய். சர்க்கரை நோய்க்காக இத்தனை வருஷம் இனிப்பை நிறுத்தி வைத்திருந்தீர்கள் என்றால், இன்னும் அந்தக் கட்டுப்பாடு தேவையா என்று மருத்துவரிடம் கேளுங்கள். பெரும்பாலும் தளர்த்துவார்கள். மல்லிகைப்பூ வாங்கிப் போகுமுன் கேட்டுக்கொள்ளுங்கள். குமட்டல் இருப்பவர்களுக்கு அந்த வாசனையே ஆகாது.

இப்போது உங்கள் நாலு யோசனை.

வளையல் வேண்டாம். கை மெலிந்துகொண்டே போகிறது, கழன்று விழும், விழும்போதெல்லாம் இளைத்ததை நினைவூட்டும். அவரிடம் இருக்கும் நகைகளை எடுத்து வைத்து, எது யாருக்கு என்று அவரே சொல்லட்டும். அவருடைய அம்மா போட்டிருந்த தண்டட்டி எங்கே போயிற்று என்று கேளுங்கள். உங்களுக்கு என்று ஒரு மூக்குத்தியை எடுத்துக் கொடுத்தால் 'இப்ப எதுக்கு அப்பத்தா இதெல்லாம்' என்று தடுக்காமல் வாங்கிக்கொள்ளுங்கள். அவர் எதிரிலேயே போட்டுக் காட்டுங்கள்.

டேப்லெட் விஷயத்தில் நானே பட்டிருக்கிறேன். மருத்துவக் கல்லூரியில் படிக்கும்போது, படுக்கையில் இருந்த என் தாத்தாவுக்கு என் உதவித்தொகையில் ஒரு ரேடியோ வாங்கிக் கொடுத்தேன். முன்னால் பத்துப் பதினைந்து பட்டன். ஒவ்வொரு தடவை நான் போகும்போதும் அதைக் காதோடு வைத்துக்கொண்டிருப்பார். ஒரு நாள் பக்கத்தில் போய்க் காதை வைத்தேன். அது ஓடவே இல்லை. எனக்காகப் பிடித்துக்கொண்டிருந்திருக்கிறார். உங்களுக்கு டேப்லெட் வேண்டாம். தினம் ராத்திரி ஒரே நேரத்துக்கு அம்மா போனில் கூப்பிடுங்கள். ஐந்து நிமிஷம் போதும், நேரம் மட்டும் மாறக் கூடாது. அந்த நேரத்துக்காக அவர் காத்திருப்பார்.

ராமேஸ்வரம் யார் ஆசை, அவருடையதா உங்களுடையதா? அவர் வாய்விட்டுக் கேட்டிருந்தால் தள்ளிப் போடாதீர்கள், வருகிற வாரமே போங்கள். முன்சீட்டைச் சாய்த்து, இடுப்புக்குத் தலையணை கொடுத்து, கிளம்ப அரை மணி முன்பு கூடுதலாக ஒரு வேளை வலி மருந்து கொடுக்கலாமா என்று மருத்துவரிடம் கேட்டு, வாந்திக்குக் கவரும் மாற்றுச் சேலையும் எடுத்துக்கொண்டு. 22 தீர்த்தத்திலும் நனைய வைக்க வேண்டாம், ஒரு செம்புத் தண்ணீர் தலையில் தெளித்தால் போதும். அவர் கேட்கவில்லை என்றால் அவ்வளவு தூரக் கார்ப் பயணம் தண்டனை. குலதெய்வக் கோயிலோ, பக்கத்திலேயே இருக்கும் பிள்ளையார்பட்டியோ போய் வாருங்கள். அதுவும் முடியாதென்றால் திருநீறு வீட்டுக்கு வரட்டும்.

பிறந்தநாளை ஆவணிக்கு விடாதீர்கள். ஈரல்வரை பரவிய கணையப் புற்றுநோயில் நாங்கள் வருஷக் கணக்கில் பேசுவதில்லை. மாதக் கணக்கில் பேசுகிறோம், சில சமயம் வாரக் கணக்கில். இதைச் சொல்லக் கஷ்டமாக இருக்கிறது, சொல்லாமல் விட்டால் துரோகம். நீங்கள் அடுத்த முறை ஊருக்குப் போகும் ஞாயிற்றுக்கிழமையே கொண்டாடுங்கள். மண்டபம் வேண்டாம், வீட்டு முற்றம். பத்துப் பேர், முக்கால் மணி நேரம். அதற்கு முன்னால் வங்கியில் 10 ரூபாய் நோட்டாக ஒரு கட்டு வாங்குங்கள், புது நோட்டுக் கிடைத்தால் நல்லது. 100 நோட்டு, 1,000 ரூபாய். அதை அப்பத்தா தலையணைக்கடியில் வைத்துவிடுங்கள். அன்றைக்குக் காலில் விழும் ஒவ்வொருவருக்கும் திருநீறு பூசி அவர் கையால் பத்து ரூபாய் தரட்டும். மீதியை, பார்க்க வரும் பிள்ளைகளுக்கு அவர் இஷ்டப்படி கொடுக்கட்டும். தீர்ந்தால் இன்னொரு கட்டு. இரண்டு பவுன் வளையலின் விலையில் எத்தனை கட்டு வரும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்.

அண்ணன் மகனைத் தாராளமாக விடுங்கள். புற்றுநோய் தொற்றாது. பூட்டிய கதவுக்குப் பின்னால் அவன் கற்பனை செய்வது, உள்ளே இருப்பதைவிடப் பயங்கரமாக இருக்கும். போகுமுன் சொல்லிவிடுங்கள்: அப்பத்தா மெலிஞ்சிருப்பாங்க, கண்ணு மஞ்சளா இருக்கலாம், மெதுவாப் பேசுவாங்க, உன்னால வந்த நோய் இல்ல. ஒரு வேலை கொடுங்கள். தண்ணீர் எடுத்துத் தருவது, புளியங்கொட்டை எண்ணி வைப்பது. இரண்டு நிமிஷத்தில் ஓடினால் ஓடட்டும், கட்டாயப்படுத்தி உட்கார வைக்காதீர்கள்.

'குடல் புண்' பொய்யைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். எத்தனையோ சாவுகளைப் பார்த்த மனுஷி. வீட்டில் எல்லாரும் தாழ்வாரத்தில் குசுகுசுவென்று பேசுவதும், பெங்களூர்ப் பேத்தி மாதம் இரண்டு தடவை வருவதும் எதற்கென்று அவருக்குப் புரியாமல் இருக்காது. அப்பாவை எதிர்த்துக்கொண்டு போய் உண்மையைப் போட்டு உடைக்கச் சொல்லவில்லை. அப்பா தன் அம்மாவைக் காப்பாற்றுவதாக நினைக்கிறார், அவரோடு முதலில் உட்கார்ந்து பேசுங்கள். அப்பத்தாவிடம் நீங்கள் கேட்க வேண்டியது ஒரே ஒரு கேள்வி: 'ஒனக்கு என்ன பண்ணுதுன்னு நெனைக்கிற அப்பத்தா?' கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள். 'எனக்குத் தெரியும்டி' என்று சொன்னால், அடுத்து அவர் சொல்வதைக் கேளுங்கள். 'புண்ணுதான, ஆறிரும்' என்றால் அதுவும் அவர் எடுத்த முடிவு, அதோடு விடுங்கள். நேராகவே 'நான் பொழைப்பனா?' என்று உங்களைக் கேட்டால் பொய் மட்டும் சொல்லாதீர்கள். பதில் தெரியாமல் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாலும் பரவாயில்லை.

கடைசி நாட்களில் பெரும்பாலும் தூக்கமாகவே இருப்பார். டிரிப்ஸ் ஏற்றச் சொல்லி அக்கம்பக்கத்தில் நெருக்குவார்கள். அந்தக் கட்டத்தில் வாய் வறட்சிக்கு டிரிப்ஸ் பெரிதாக உதவாது, ஈரப் பஞ்சால் வாயைத் துடைத்து நனைப்பதுதான் உதவும். காது கேட்குமா என்று எல்லாரும் கேட்பார்கள். 2020ல் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள், நினைவின்றி இருந்த சில நோயாளிகளின் மூளை கடைசி மணி நேரங்களில்கூட ஒலி மாற்றங்களுக்கு, நல்ல உடல்நிலையில் இருப்பவர்களின் மூளையைப் போலவே எதிர்வினை காட்டியதை மூளை அலைப் பதிவில் பார்த்தார்கள். பேச்சின் பொருள் புரிகிறதா என்பதை அந்த ஆய்வு சொல்லவில்லை. நான் என் நோயாளிகளின் வீட்டாருக்குக் கேட்கும் என்றே சொல்லி வைப்பேன். யார் வந்தாலும் பெயரைச் சொல்லி, 'நான் வந்திருக்கேன் அப்பத்தா' என்று காதோரம் சொல்லச் சொல்லுங்கள். சொத்துப் பேச்சையும் யார் யார் பந்தலுக்குச் சொல்வது என்கிற பேச்சையும் வாசலுக்கு வெளியே வைத்துக்கொள்ளுங்கள்.

இந்தச் சனிக்கிழமை போனதும் முதல் வேலை, 'அந்த இருநூறு ரூவாயக் குடு அப்பத்தா, பஸ்ஸுக்குக் காசில்ல' என்று கேளுங்கள். திட்டிக்கொண்டே தருவார். வாங்கிப் பர்ஸில் வையுங்கள்.

தராசையும் எடுத்துப் போங்கள். அப்பத்தாவின் ஒரு கை எத்தனை கிராம் என்று எனக்கு எழுதுங்கள். இப்போதுள்ள கையும், அப்போதிருந்த கையும்.